ஷட்டர் சத்தம்

போர் முடிந்து இருபது வருடமாகியும், எங்கள் போஸ்னிய ஊரில் எங்காவது ஷட்டர் தடாலென்று விழுந்தால், ரொட்டிக்கடை சும்ரா மாவுக் கையோடு மேசைக்கடியில் புகுந்துவிடுவாள். பக்கத்து வீட்டு ஹசீபா அவள் தலைக்கு மேல் தண்ணீர்ச் சட்டியைப் பிடித்து, அதில் உருக்கிய ஈயத்தை ஊற்றினாள். பயம் தெளிய எங்களுக்கு அதுதான் வைத்தியம். ஈயம் முள்முள்ளாக உறைந்தது. பயம் அப்படியே இருந்தது.

பிறகு சும்ரா மனநல மருத்துவரிடம் போகத் தொடங்கினாள். கடையில் காபிக்குக் கூடிய பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறவள் ஒருத்தியும் கிடையாது.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயாடி போற? வெக்கமா இல்ல?" என்றாள் ஹசீபா.

"குண்டு போட்டவனுக்கே வெக்கமில்ல, எனக்கென்னக்கா வெக்கம்? வியாழக்கிழமை தவறாம ஊரறியப் போவேன்."

அப்போது காற்றில் கடை ஷட்டர் விழுந்தது. சும்ரா மேசைக்கடியில் புகப் போனாள். ஆனாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெல்ல இழுத்து விட்டாள். ஒளியவில்லை. நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஹசீபாவின் நாற்காலி காலியாக இருந்தது.

சும்ரா குனிந்து மேசைக்கடியில் கையை நீட்டினாள்.

"வெளிய வாக்கா. வர்ற வியாழக்கிழமை உனக்கும் சேத்துச் சொல்லி வைக்கிறேன்."