ஒரு நாள் விடுப்பில் உலகம்

இன்று பாயசத்துக்கு ஏலக்காய் தட்டியதும், போடியில் அம்மா கூலிக்குக் காய் பொறுக்கிய ஏலக்காய்க் கிடங்கின் வாசம் மூக்கில் ஏறியது. அதை இடித்துக் கட்டிய கல்யாண மண்டபத்தில் இப்போது வாசனைக்குப் பன்னீர் தெளிக்கிறார்கள். பள்ளி விடுமுறை நாட்களில், முறங்கள் சலசலக்க, பச்சை வாசம் தொண்டை வரை இறங்க, பத்துப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் கதைப் புத்தகம் வாசிப்பேன். கதைநாயகன் கப்பலேறியதுமே, "சோத்துக்கு என்ன செய்வான்? வெரசா வீட்டுக்குக் கொண்டா அவன" என்று ராக்கம்மா அக்கா அதட்ட, நானும் பல பக்கங்களைத் தாண்டி அவனை வீடு சேர்ப்பேன்.

எனக்கோ தாண்டிய அந்தப் பக்கங்கள்தான் வேண்டியிருந்தன. பின்னாளில் பிறருடைய விடுப்பு விண்ணப்பங்களில் குறை கண்டே ஓய்வு பெற்ற நான், எட்டு வயதிலேயே முறைப்படி, 'உலகம் சுற்ற ஒரு நாள் விடுப்பு' என்று எழுதி அம்மாவின் முறத்தடியில் வைத்துவிட்டு, தோட்டத்துக்குப் போகும் ஆட்களோடு ஜீப்பில் ஏறினேன்.

"வண்டி போடிமெட்டு வரைக்குந்தேன் ஆத்தா. உலகத்துக்கு அங்கிட்டு வேற வண்டி" என்றார் ஓட்டுநர்.

மலையுச்சியில் பனிமூட்டமும் ஒரு பன்னும் கிடைத்தன. அதே ஜீப்பில் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பினேன்.

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். ராக்கம்மா அக்கா மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மெட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"அம்புட்டுத் தூரம் போயிட்டு, சோத்துக்கா திரும்பி வந்த?"