மதிலில் இருந்த இருபத்தேழு குழிகள்

என் சாமான் பையில், கரணைக்கும் ரசமட்டத்துக்கும் நடுவே, ஒரு முழ நீள மூங்கில் குச்சி கிடக்கிறது. அதில் கத்தியால் கீறிய கோடுகள். கொத்து வேலைக்கு அது ஒன்றுக்கும் உதவாது. எங்கள் கோயில் வெளி மதிலில் பீரங்கிக் குண்டு பட்டு விழுந்த குழிகளின் ஆழத்தை அளக்க இன்ஜினியரம்மா செய்துகொண்ட குச்சி. மாற்றலாகிப் போன அன்று அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோபுரமும் இட்லியும்தான் என்று வந்து போகிறவர்கள் நினைக்கிறார்கள். இங்கிலீஷ் கம்பெனிக்காரனும் பிரெஞ்சுக்காரனும் நம் நாட்டைப் பிடிக்கத் தங்களுக்குள் அடித்துக்கொண்ட காலத்தில் இங்கே கோயில்களே கோட்டைகள். உயரமான கருங்கல் மதில் கிடைத்தால் ஒரு பட்டாளம் உள்ளே புகுந்துகொள்ளும். இன்னொரு பட்டாளம் வெளியிலிருந்து சுடும். எவனெவன் சண்டைக்கோ அடி வாங்கியது எங்கள் மதில். மொத்தம் இருபத்தேழு குழி.

பல வருஷத்துக்கு முன் அந்த மதிலில் சரிந்த ஒரு பக்கத்தை எடுத்துக் கட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. எனக்கு அப்போது நாற்பது வயது. மேற்பார்வைக்கு வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன இன்ஜினியரம்மாவுக்கு முப்பதுகூட இருக்காது. பக்தியோடு ஒரு தப்பு செய்தேன். விக்கிரகத்தில் ஒரு விரல் உடைந்தாலும் பின்னம் என்று பூஜையிலிருந்து எடுத்துவிடுகிற ஊர் இது. சாமியின் மதில் மட்டும் பின்னமாக நிற்கலாமா? மீந்த சிமெண்டைக் குழைத்து, வாசலுக்குப் பக்கத்திலிருந்த குழியை அடைத்து, மழமழவென்று தேய்த்துவிட்டேன். அம்மா பாராட்டுவார் என்றுகூட நினைத்தேன்.

வந்து பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது. "இன்னா காரியம் பண்ணிட்டீங்க மேஸ்திரி! இந்த ஊரு அடிபட்டதுக்கு இருக்கிற சாட்சியே இதுதான். சாட்சி வாயில சிமெண்டை அடைச்சிட்டீங்களே!"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. "பின்னத்தை வெச்சிக்கினு பூஜை பண்ணுவாங்களாம்மா?" என்றேன்.

"பின்னம் பார்க்கிறது சாமிக்கு. மதிலுக்கு இது தழும்பு. உங்க முட்டியில இருக்குதே, அதை யாராவது பூசி மறைச்சா விட்டுடுவீங்களா?"

சாரத்திலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு அது. தொழிலில் நான் பட்டதற்கு என்னிடம் வேறு அடையாளம் கிடையாது. உளியை எடுத்தேன். அன்று பூராவும் வெயிலில் உட்கார்ந்து, கல்லில் உளி படாமல் அந்தச் சிமெண்டைச் சுரண்டி எடுத்தேன். அவரும் குடையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார். கடைசியில் குச்சியை உள்ளே விட்டு, அது மூன்றாவது கோடு வரை போனதும்தான் சிரித்தார்.

இந்த வருஷம் கும்பாபிஷேகத் திருப்பணி. முட்டி வலியென்று இரண்டு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்து பார்க்கிறேன், மதில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்து வழவழவென்று நிற்கிறது. ஒரு குழி இல்லை. நேரே திருப்பணிக் கமிட்டித் தலைவரிடம் போய்க் கத்தினேன்.

"நீயே மேஸ்திரி. சந்தோஷப்படாம சண்டைக்கு வர்றியேப்பா! பின்னத்தை எல்லாம் சரி பண்ணியாச்சு" என்றார். அன்றைய என் பேச்சு, அச்சு அசலாக. அந்தப் பேச்சைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. இந்த அழகில் வாசலில் 'பாரம்பரியம் காப்போம்' என்று பேனர் வேறு. எதை ஐயா காப்பீர்கள்? அன்றைக்குப் பட்டாளத்துக்காரன் சுட்டதையே இல்லாமல் ஆக்கிவிட்டீர்களே! சுட்டவன்கூட இவ்வளவு கெடுதல் பண்ணவில்லை.

கோயில் ஆபீஸில் மனு கொடுத்தேன். கும்பாபிஷேகம் முடியட்டும் என்றார்கள். முடிந்து போய்க் கேட்டால், "பெயிண்ட் அடிச்ச செவுரை எவன் பேத்துக்கினு இருப்பான்?" என்கிறார்கள்.

நான் பேர்ப்பேன். நேற்றுக் காலை வாசலுக்குப் பக்கத்தில் போய் மதிலைத் தட்டினேன். கருங்கல் ஒரு சத்தம், சிமெண்ட் ஒரு சத்தம். என் காதுக்குத் தெரியாதா? உட்கார்ந்து உளியை வைத்தேன். கூட்டம் கூடிவிட்டது. தலைவர் ஓடி வந்து, போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுப்பா. வர்றவங்களுக்கும் காட்டணும்" என்றேன்.

சாயங்காலம் பையிலிருந்து குச்சியை எடுத்து உள்ளே விட்டேன். மூன்றாவது கோடு வரை போயிற்று. ஒன்று ஆயிற்று, இன்னும் இருபத்தாறு.