சித்தி எண்ணிய எண்ணிக்கை

அன்று அரிசி மில்லின் நெல் காயவைக்கும் களத்தில் இருந்தவர்கள்: சித்தி. நான். எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர். பஜார் பெண்கள் நான்கு பேர், சொந்தச் சக்கரத்தோடு. அவர்களில் ஒருத்தியின் அப்பா, பாத்திரக்கடைக்காரர். அதே மில்லில் மூட்டை தூக்குகிற எங்கள் நைனா. வாட்ச்மேன். களத்தின் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூல். அதன்மேல் புது ஸ்கேட்டிங் சக்கரம், அட்டைப்பெட்டியோடு. பாத்திரக்கடைக்காரர் வாங்கி வந்தது. ஜெயிக்கிற பக்கத்தில் ஓடுகிறவளுக்கு என்று சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஓடுகிறவள் நான். வயது பதினொன்று. என் காலில் இருந்த சக்கரம் இரண்டு சைஸ் பெரியது. விரலுக்கு முன்னால் துணி அடைத்திருந்தேன்.

சித்தி மெட்ராஸில் ஒரு விளையாட்டு மைதானத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பொம்பளைகள் சக்கரம் கட்டி இடித்துக்கொண்டு ஓடுவார்களாம். ஆள் குறைந்த ஒருநாள் சித்தியைக் கூப்பிட்டுத் தண்டனை நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். கையில் ஒரு ஸ்டாப் வாட்ச். இரண்டு வருஷம் நின்றாள். திரும்பி வரும்போது நான்கு ஜோடி பழைய சக்கரமும் ஒரு விசிலும் கொண்டு வந்தாள். வாட்ச் அவர்களுடையது.

ஆட்டம் சுலபம். சுண்ணாம்பில் ஒரு பெரிய வட்டம், உள்ளே ஒரு சின்ன வட்டம். நடுவே ஓடவேண்டும். ஒரு பக்கத்துக்கு நான்கு பேர். மூன்று பேர் மறிப்பார்கள். தலையில் நட்சத்திரம் ஒட்டியவள் ஓடுவாள். எதிராளி ஒருத்தியைத் தாண்டினால் ஒரு பாயிண்ட், ஒரு சுற்றில் ஒருத்திக்கு ஒருமுறைதான். தோளால் இடிக்கலாம். முதுகில் தள்ளக்கூடாது. முழங்கை கூடாது. கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டால், தள்ளினவளுக்குப் பின்னால்தான் உள்ளே வரவேண்டும். தப்பு செய்தவள் நாற்காலியில் முப்பது வினாடி உட்காரவேண்டும். ஓடுகிறவள் உட்கார்ந்திருக்கும்வரை அந்தப் பக்கத்துக்குப் பாயிண்ட் இல்லை.

பாத்திரக்கடைக்காரர் ஆரம்பத்திலேயே சிரித்தார். "ஒங்க வூட்டுப் பொண்ணு, ஒங்க விசிலு. நாங்க தோத்துட்டுத்தான போவணும்?"

"பாருங்க மொதலாளி," என்றாள் சித்தி. அவ்வளவுதான்.

ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிஷம். வாட்ச்மேன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தகரத்தைத் தட்டுவார். களத்தில் இருந்த கைக்கடிகாரம் அது ஒன்றுதான். நாற்காலிக்குச் சித்தி வாயால் எண்ணினாள். நெல் அளக்கிற வழக்கப்படி ஒன்றுக்கு லாபம் என்றாள். லாபம், ரெண்டு, மூணு. வாய் எண்ணும். கண் வட்டத்தில் இருக்கும்.

மூன்றாவது சுற்றில் கடைக்காரர் மகள் என் விலாவில் முழங்கையால் குத்தினாள். விசில். அவள் உட்கார்ந்தாள். சித்தி எண்ணினாள். சீக்கிரம் எண்ணி எழுப்பிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் பதினைந்து.

"துணி அடைச்ச காலு, பாத்து ஓடு," என்றாள் கடைக்காரர் மகள்.

"நீ ஒன் கையப் பாத்துக்க," என்றேன்.

புறப்பட்டதும் ஒரு தடிமனான பெண் என்னை இடித்தாள். வட்டத்துக்கு வெளியே போனேன். அங்கே நெல் காய்ந்துகொண்டிருந்தது. விழவில்லை. அப்படியே வளைந்து அவளுக்கு முன்னால் உள்ளே வந்தேன். கண் மூடித் திறக்கிற நேரம். ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

விசில்.

"வெளிய போயி முன்னால வந்த."

"போவல சித்தி. சாமி சத்தியமா போவல."

சித்தி குனிந்தாள். என் வலது காலைத் தூக்கினாள். சக்கரத்துக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவிலிருந்து ஒரு நெல்லை நிமிண்டி எடுத்தாள். என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கோட்டுக்கு உள்ள நெல்லு இல்ல. ஒக்காரு."

உட்கார்ந்தேன். லாபம், ரெண்டு, மூணு. கடைக்காரர் மகள் எங்கள் ஆட்களைத் தாண்டினாள். ஒன்று. இரண்டு. "வுடாத, வுடாத, ஓடு!" என்று கடைக்காரர் சித்தியின் காதுக்குப் பக்கத்தில் கத்தினார். நைனா வட்டத்துக்கு அருகே வந்துவிட்டார். "இன்னாம்மா நீ, நம்ம புள்ளய ஒக்கார வெச்சிக்கினு இருக்குற? எண்ணு வேகமா!" சித்தி கையை மட்டும் உயர்த்தினாள். பதினாலு, பதினஞ்சு. கடைக்காரர் மகள் மூன்றாவது ஆளையும் தாண்டிவிட்டாள். நான் ஸ்டூலில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். சித்தி வாயைப் பார்த்தேன். அந்த வாய் இவ்வளவு மெதுவாக அசைந்து நான் பார்த்ததில்லை.

எழுந்து ஓடினேன். ஒருத்தியைத் தாண்டினேன். இரண்டாவது ஆளையும் தாண்டினேன். மூன்றாவது பெண்ணின் தோள் என் தோளுக்குச் சமமாக இருந்தபோது தகரம் அடித்தது.

அவர்கள் பதினெட்டு. நாங்கள் பதினேழு.

பெட்டி கடைக்காரர் மகளுக்குப் போனது. கடைக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அடுத்த ஆட்டத்துக்கும் நீயே விசில் ஊதும்மா," என்றார். நைனா பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார்.

நான்கு நாள் சித்தியோடு பேசவில்லை. பாத்திரக்கடைக்காரருக்குப் பயந்துகொண்டு அவர் மகளுக்கு வேகமாகவும் எனக்கு மெதுவாகவும் எண்ணினாள் என்றே நம்பினேன். ஒரு வினாடி முன்னால் எழுப்பியிருந்தால் போதும் என்று அழுதேன். சித்தி என் சக்கரத்தைக் கழற்றி எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டி வைத்தாள்.

நான் ஒன்பதாவதோடு நின்றேன். இப்போது ஷூ கம்பெனியில் தையல் வேலை. போன மாதம் அந்தக் கடைக்காரர் மகள் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். அவள் அப்பா அன்று போனை ஸ்டூலில் சாய்த்து வைத்து எடுத்தது. பழைய போனில் கிடந்ததாம். காலையில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தேன். வீடியோவில், பின்னால் ராஜகிரி மலை தெரிகிறது. களம் தெரிகிறது. சித்தி தெரிகிறாள். காதுக்குப் பக்கத்தில் ஒருவர் கத்துகிறார், எதிரில் ஒருவர் திட்டுகிறார், சித்தியின் குரல் மாறவில்லை.

பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனை வாங்கி ஸ்டாப் வாட்ச் வைத்தேன். கடைக்காரர் மகள் உட்கார்ந்தது முதல் எழுந்ததுவரை பார்த்தேன். முப்பது.

பிறகு நான் உட்கார்ந்ததைப் பார்த்தேன். நம்பாமல் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.

முப்பது.