கடைசி பெஞ்சில் கிருபா மேடம்

தென்காசிக் கல்லூரி ஒன்றில், பிஎச்டி மாணவர்கள் இளங்கலை வகுப்பு எடுக்கும் முன் பேராசிரியர் கிருபாவிடம் பயிற்சி பெற வேண்டும். மாதிரி வகுப்பில் அவர் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்.

அன்று பயிற்சி மாணவன் இசக்கிராஜா ஒரு கணக்கை நடத்தி முடித்து, "புரிஞ்சுதா?" என்றான்.

"புரிஞ்சுது சார்" என்றது வகுப்பு.

கிருபாவுக்கு எரிச்சல் வந்தது. பக்கத்தில் இருந்த, புளியறை ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவியிடம் என்ன புரிந்தது என்று கேட்டார். அவள் தலைகுனிந்தாள்.

"புரிஞ்சுதுன்னுதான மேடம் சொன்னாவ?" என்றான் இசக்கிராஜா.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுல்லா, சொல்லத்தான் செய்வாவ. அப்படிக் கேக்காதீங்க. ஒரு கணக்கு குடுத்துட்டு, பெஞ்சு பெஞ்சா போய்ப் பாருங்க."

மாலையில் பயிற்சி மாணவர்கள் எல்லோருக்கும் இதையே விளக்கிவிட்டுக் கேட்டார்: "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

கிருபா சாக்பீஸை நீட்டினார். "அப்ப ஒவ்வொருத்தரா வந்து நடத்திக் காட்டுங்க."