மூக்கரும் அம்மோனியா பாட்டிலும்

மார்ச் 4. காரீய வாஷர், ஒரு பெட்டி: 240.
மார்ச் 4. அம்மோனியா, ஒரு பாட்டில்: 95.
மே 12. அம்மோனியா, இரண்டு பாட்டில்: 190.
ஜூன் 9. அம்மோனியா, நான்கு பாட்டில்: 380.
ஜூன் 9. காரீய வாஷர், மூன்று பெட்டி: 720.

குடிநீர் நிலையத்தின் குளோரின் அறைக்காக வாங்கியவை இவை. அதற்கு முன்பெல்லாம் அந்த அறைக்கு ஒரு பாட்டில் அம்மோனியா வருஷம் முழுக்க வரும். அதிலும் பாதி, மூடி சரியாக இல்லாமல் ஆவியாகவே போய்விடும். அந்தக் கோடையில் செலவு எகிறியதற்குக் காரணம் ஒருவருடைய மூக்கு.

குளோரின் அறைக்காரரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். சிலிண்டரில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் கேட்டில் நுழையும்போதே சொல்லிவிடுவார். என்ஜினீயர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதையும் சொல்லுவார். அதை யாரும் கேட்காமலே சொல்லுவார். முகமூடி போட்டால் மூக்கு வேலை செய்யாது என்று அதை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். சிலிண்டர் மாற்றினால் அவர் உள்ளே போய் இரண்டு தடவை மோந்து பார்ப்பார். "சுத்தம்" என்றால் சுத்தம். நிலையத்தில் அதுதான் சோதனை.

ஏப்ரலில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது; போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அதை முதலில் கண்டுபிடித்தவள் மனைவி. அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, வீடெல்லாம் புகைந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து மூக்கர் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, மூக்குல பஞ்சா வெச்சிருக்கீங்க?"

அவர் செய்தித்தாளைத் தாழ்த்தி, தீய்ந்த பாத்திரத்தை அப்போதுதான் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே," என்றார் மெதுவாக. "வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிட்டா மலைத் தொட்டிக்குக் காவலுக்கு அனுப்பிடுவாங்க. அங்க ஒத்தை ரூம், ஒரு தொட்டி, நான். உன் தையல் கடையைத் தூக்கிட்டு நீ அங்க வர முடியுமா?"

தம்பி என்றால் அவளுடைய தம்பி. அதே நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவன். சிலிண்டர் மாற்றும்போது துணைக்கு வருவான். நாக்கு நிற்காத ஆள்.

மறைக்கத் தீர்மானித்த மூக்கர், பயத்தில் சட்டப்படி நடக்க ஆரம்பித்தார். வெளியில் இருக்கும் சுவிட்சைப் போட்டு விசிறி ஓடிய பிறகே கதவைத் திறந்தார். முகமூடியைத் தூசி தட்டி மாட்டினார். ஒரு தடவை நசுங்கிய வாஷர் மறுபடி இணைப்பை அடைக்காது என்பதால், ஒவ்வொரு தடவையும் புது வாஷர். ஒரு குச்சியில் துணி சுற்றி, அம்மோனியாவில் நனைத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் அருகில் படாமல் காட்டினார். குளோரின் கசிந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் புகை எழும்.

"என்ன மாமா, சிலிண்டருக்குக் காது குடையறீங்களா?" என்றான் மச்சான்.

"அதுவாவது சொன்னதைக் கேக்கட்டும்னுதான்."

ஜூலையில் ஒரு நாள் மச்சானே புது சிலிண்டரைப் பொருத்தினான். வால்வைக் கொஞ்சம் திறந்து, சோதனைக்கு மாமாவைக் கூப்பிட்டுவிட்டு வாசலில் நின்றான். வாசலில் ஒரு வாசனையும் இல்லை. கனமான வாயு தரையோடு கிடக்க, அதை விசிறி பின்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மூக்கர் குச்சியை நீட்டினார். இணைப்பிலிருந்து நூல் மாதிரி வெள்ளைப் புகை கிளம்பியது. பதறாமல் வால்வை மூடினார். திரும்பினால், வால்வை மூடியதைப் பார்த்தே கசிவு என்று ஊகித்த மச்சான் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வருகிறான்! முகமூடிக்குள்ளிருந்து கத்தினால் கேட்காது என்பதால், இரண்டு கையையும் காற்றாடியாகச் சுற்றியபடி வெளியே ஓடிவந்து முகமூடியைக் கழற்றினார்.

"குழாயைக் கீழ போடு! கசிவு மேல தண்ணி ஊத்தினா அமிலமாகி இரும்பைத் தின்னும். ஓட்டை பெருசாயிடும். வாஷர் புதுசு போட்டியா?"

"பழசுதான் மாமா... துடைச்சுப் போட்டேன். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு கண்ணை அகல விரித்தான். "ஆனா முகமூடியோடயே மோப்பம் புடிச்சிட்டீங்களே! மூக்கா அது!"

சாயங்காலத்துக்குள் அந்தக் கதை நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. மூக்கருக்குப் புகழ் கூடக் கூட பயமும் கூடியது.

அடுத்த வாரம் பாதுகாப்பு அதிகாரி அம்மா ஆய்வுக்கு வந்தார். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் வாயு கசிந்தால் மணியடிக்கும் கருவியும் இருந்தது.

"எங்க மூக்கர் இருக்கும்போது அது எதுக்கு மேடம்?" என்றார் என்ஜினீயர் பெருமையாக. "அதைப் பட்டியல்லேர்ந்து அடிச்சிடலாம்."

அதிகாரியின் பேனா திறந்தது. மூக்கர் வாசலைப் பார்த்தார். பழைய வாஷரைத் துடைத்துப் போட்ட மச்சான் அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். 'இல்லாத மூக்கை நம்பி இவனை உள்ளே விடுவார்களே!' மலைத் தொட்டி கண்ணில் வந்து போனது.

"அடிக்காதீங்க மேடம். எனக்கு ஏப்ரல்லேர்ந்து எந்த வாசனையும் தெரியலை."

என்ஜினீயர் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ அந்தக் கசிவைப் புடிச்சது?" என்றார்.

மூக்கர் பாட்டிலையும் குச்சியையும் எடுத்துக் காட்டினார்.

அதிகாரி சிரித்துவிட்டார். "உங்க மூக்கு நல்லா இருந்த காலத்தை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. மோந்து பார்க்கணும்னா அந்த வாயுவை உள்ளே இழுக்கணும். கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிப்போய் பொய் வேற சொல்லும். ஆனா உங்களை இங்க வெச்சுக்கறதா வேண்டாமான்னு டாக்டர்கள்தான் சொல்லணும்."

டாக்டர்களிடமிருந்து வந்த முதல் கடிதம் பரிசோதனைக்கு வரச் சொன்னது. இரண்டாவது, இன்னொரு பரிசோதனைக்கு. மனைவி கம்பளியை வெயிலில் காயவைத்து மடித்து வைத்தாள். "மலையில குளிரும்," என்றாள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. இதற்குள் மணியடிக்கும் கருவி வந்து அறைச் சுவரில் ஏறிவிட்டது.

"மாமா, உங்க புது மூக்கை ஆணியில மாட்டியாச்சு!" என்றான் மச்சான். இப்போது அவன் சட்டைப் பையில் எப்போதும் புது வாஷர் இருந்தது.

கடைசிக் கடிதத்தை மனைவிதான் அடுப்படியில் நின்று பிரித்துப் படித்தாள். அவர் குளோரின் அறையிலேயே இருக்கலாம். தனியாக உள்ளே போகக்கூடாது. இனி நிலையத்தில் யாரும் மோந்து பார்த்துச் சோதிக்கக்கூடாது. அவள் அதை மறுபடி படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். பால் பொங்கி வழிந்து காஸ் அடுப்பை அணைத்தது.

வாசனை தெரியாதவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ஓடிவந்து அடுப்பைத் திருகி மூடி, ஜன்னலைத் திறந்தார்.

"இப்ப உன் மூக்குல யாரு பஞ்சு வெச்சது?"

அவள் கடிதத்தாலேயே அவர் தோளில் ஒன்று போட்டாள்.

செப்டம்பர் 11. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது.