அம்மா எழுதாத பத்தாவது

நான் பத்தாம் வகுப்பில் இருந்த வருடம் எங்கள் வீட்டில் இரண்டு பேர் பத்தாம் வகுப்புப் படித்தோம். ஒருத்தி நான். இன்னொருத்தி அம்மா.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் டேபிளில் வேலை செய்தாள். ஷூவின் மேல்பாகத்துக்காக வெட்டி வரும் தோல் துண்டுகளின் ஓரத்தில் பிரஷ்ஷால் பசை தடவி, மடித்து ஒட்ட வேண்டும். நாள் முழுக்க அந்த நெடிதான். அவளுக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. தலைவலி, இருமல், மூச்சு இழுப்பு. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தேறுவாள், திங்கட்கிழமை சாயங்காலம் பழையபடி இருமிக்கொண்டு வருவாள். சூப்பர்வைசர் ஒருநாள் அவளிடம், "அடுத்த வருஷம் புதுசா ஒரு லைன் போடறாங்க. செக்கிங்குக்கு ஆள் வேணும். நீ பத்தாவது மட்டும் பாஸ் பண்ணிடு, உன்ன அங்க மாத்திடறேன்" என்று சொல்லியிருக்கிறார். செக்கிங் என்றால் தைத்து முடித்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கோணல் இருந்தால் ஒதுக்கி வைப்பது. பசை கிடையாது. அம்மாவுக்கு அது போதும்.

அம்மா எட்டாவதோடு நின்றவள். எட்டாவது பாஸாகியிருந்தால் தனித்தேர்வராக நேராகப் பத்தாவது எழுதலாம் என்று கம்பெனி பஸ்ஸில் யாரோ சொல்ல, அன்றைக்கே வீட்டுக்கு வந்து என் புத்தகங்களை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாடி, இவ்ளோ கனமா இருக்குது?" என்றாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "எனக்கு உக்காந்து படிக்க நேரமில்ல. நீ சத்தமா படி. நான் சமைச்சினே கேட்டுக்கறேன்."

அப்பா லாரியில் போனால் நாலு நாள் கழித்துத்தான் வருவார். அதனால் சாயங்காலங்களில் நாங்கள் இருவர் மட்டும். நான் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். அம்மா காய் நறுக்குவாள், அரிசி களைவாள், இருமுவாள், நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்பாள். முதல் உலகப் போரைப் படித்தபோது, "ஒருத்தன சுட்டதுக்கா இத்தன நாடு அடிச்சிக்கிச்சு? நம்ம கம்பெனி பஸ்ல சீட்டுக்கு நடக்கற சண்டை தேவல" என்றாள். இதயத்துக்கு நாலு அறை என்றதும் கத்தியை வைத்துவிட்டு எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். எங்களுக்கு இருந்தது ஒரே அறை.

அவளுடைய ஞாபகசக்தி எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். பாடங்களை அவள் காய்களை வைத்து நினைவில் வைத்திருந்தாள். தாவர ஹார்மோன்கள் வெண்டைக்காய் நறுக்கிய அன்று. கண்ணின் குறைபாடுகள் முள்ளங்கி சாம்பார் வைத்த அன்று. ஒருமுறை நான் கிட்டப்பார்வைக்கு எந்த லென்ஸ் என்று திணறியபோது, அடுப்படியிலிருந்தே "குழிலென்சுடி" என்றாள். கணக்கு மட்டும் காதால் கேட்டு வராது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் போட்டுப் பார்ப்பாள். தப்பாக வந்தால் என்னைத்தான் திட்டுவாள், நான் சொல்லிக் கொடுத்தது சரியில்லையாம்.

தனித்தேர்வர்களும் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். அதற்குப் பெயர் கொடுத்தால்தான் தேர்வே எழுத முடியும். எப்போது பெயர் கொடுக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வருவது என் பொறுப்பு. அம்மா வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துவாள்.

ஒரு புதன்கிழமை அறிவியல் டீச்சர் வகுப்பிலேயே சொன்னார். "உங்க வீட்ல யாராவது தனியா பத்தாவது எழுதறாங்கன்னா எங்கிட்ட பேர் குடுங்க. இந்த வருஷம் பிராக்டிகல் நம்ம ஸ்கூல் லேப்லதான். உங்களோடயே சேர்ந்து செய்யட்டும். வெள்ளிக்கிழமையோட முடியுது."

என் பின்னால் இருந்தவள், "மிஸ், எங்க அத்தைக்கு யூனிஃபார்ம் தெச்சிடட்டுமா? ரெண்டு ஜடை போட்டு, ரிப்பன் கட்டி கூட்டினு வர்றேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் கொஞ்சம் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அம்மாவை அந்த லேபில் நிறுத்திப் பார்த்தேன். நகக்கண்ணில் காய்ந்த பசையோடு சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு, "இன்னா மிஸ் இது?" என்று அவள் கேட்பதும், பின்பெஞ்சு சிரிப்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. நான் கையைத் தூக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். "ஏதாவது சொன்னாங்களா?"

"இன்னும் இல்லமா."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் டீச்சர்கள் அறை வாசல் வரைக்கும் போனேன். இரண்டு நாளும் திரும்பி வந்தேன். பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அம்மா விடவில்லை. "நானே பர்மிஷன் போட்டுட்டு வந்து கேக்கறேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாக ஒன்றைச் சொன்னேன். "விசாரிச்சிட்டேன்மா. போன மாசமே முடிஞ்சிப்போச்சாம். ஸ்கூல்ல சொல்லல, பேப்பர்லதான் போட்டாங்களாம்."

அம்மா கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "போன மாசமா?" என்றாள். பிறகு, "போன மாசம் பூரா ஓவர்டைம். பேப்பர எங்க பாத்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மறுநாளும் அவள் பாடம் கேட்டாள். "நான் எழுதலன்னா இன்னா, நீ எழுதணும் இல்ல? படி" என்றாள். தேர்வு வரைக்கும் ஒருநாள் விடாமல் கேட்டாள். நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். அவள் பேஸ்டிங் டேபிளில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். புது லைன் அந்த வருடமே ஓடத் தொடங்கியது. செக்கிங்குக்கு, பத்தாவது முடித்த ஒரு சின்னப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அம்மா பத்தாவதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது நான் வேலூரில் கல்லூரிக் கடைசி வருடம். போன மாதம் அம்மாவுக்கு மூச்சு இழுப்பு ஜாஸ்தியாகிப் பேசவே சிரமப்பட்டாள். வேலூருக்கு வரவழைத்து ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஒரு குழாயில் ஊதச் சொன்னார், என்ன வேலை என்று விசாரித்தார்.

"இத்தனை வருஷமா அதே டேபிளா? வேற செக்ஷனுக்கு மாத்திக்க முடியாதாம்மா?"

அம்மா ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவளைப் போலச் சிரித்தாள். "பத்தாவது இருந்தா மாத்தியிருப்பாங்க சார். எழுதலாம்னுதான் இருந்தேன். தேதிய கோட்டை விட்டுட்டேன். என் அசமந்தம்."

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். மருந்தை வாங்கிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர் பஸ்ஸுக்கு நின்றோம். அதற்கு மேல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. புதன்கிழமை டீச்சர் சொன்னது, வகுப்பே சிரித்தது, நான் சிரித்தது, வாசல் வரை போய்த் திரும்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

அம்மா அழவில்லை. "நான்தான் தேதிய விட்டுட்டேன்னு இத்தன வருஷமா என்னையே திட்டினு இருந்தேன்" என்றாள்.

"இப்பகூட எழுதலாம்மா. நான் கூட வர்றேன்."

"இப்ப எழுதி? செக்கிங்குக்கு இப்பல்லாம் டிப்ளமோ கேக்கறாங்க."

பஸ் வந்து நின்றது. கூட்டம் ஏறியது. அம்மா நகரவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஏண்டி, நான் உங்க ஸ்கூலுக்கு வந்து நிக்கறது உனக்கு அவ்ளோ கேவலமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"அப்போ இருந்துச்சும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனபோது மெல்ல விலக்கிக்கொண்டாள். மருந்துப் பையை என்னிடமிருந்து வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "நீ ஹாஸ்டலுக்குப் போ. நான் போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.