கேட்டில் சொருகிய பத்திரிகை

டவுனுக்கு வெளியே புதிதாகப் போட்ட ஒரு நகரில் மனை பார்த்திருப்பதாக என் சின்னம்மா மகள் போன வாரம் போனில் சொன்னாள். குடி போவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பட்டா, வில்லங்கம், போர் தண்ணீர், பஸ் வசதி என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன் என்று உறைத்தது. அது போனில் சொல்லக்கூடியதும் அல்ல.

எங்கள் நகர் தர்மபுரியிலிருந்து கடத்தூர் போகும் பக்கம், முன்பு மாந்தோப்பாக இருந்த இடத்தில் இருக்கிறது. மனை பிரித்தவர்கள் ஏழெட்டு மரங்களை மட்டும் எதற்கோ விட்டுவைத்திருந்தார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களுக்கு நடுவே ஆடுகள் மேயும். எங்கள் தெருவில் மொத்தம் ஒன்பது வீடு, இடையிடையே காலி மனை. காலையில் பனி இறங்கினால் ஒன்பதும் ஒன்றையொன்று தொலைத்துவிடும். மாடியில் நின்று பார்த்தால் தண்ணீர்த் தொட்டிகளின் கறுப்புத் தலைகள் தெரியும், அதற்கப்பால் அடிவாரமே இல்லாத மலை. காபி டம்ளரோடு அப்படியே நிற்பேன். விழித்துவிட்டேனா இன்னும் தூக்கமா என்று எனக்கே தெரியாது. மனை பார்க்க வந்த காலையில் அந்தப் பனியைக் கண்டுதான், வாங்கினால் இங்கேதான் என்று அடம்பிடித்தேன்.

வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள். கட்டினோம், வைகாசியில் பால் காய்ச்சினோம். எங்கள் பக்கம் விசேஷத்துக்கு அழைக்க ஒரு முறை உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து போக வேண்டும். வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீராவது குடித்து, தட்டில் குங்குமமும் பத்திரிகையும் வைத்து நீட்டி, "குடும்பத்தோட வந்து நடத்திக் குடுங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். ஏரியூரில் இருக்கும் தூரத்துச் சொந்தம் வரைக்கும் அப்படித்தான் போய் அழைத்தோம்.

புதுத் தெருவுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் பெயின்ட் வேலையைப் பார்க்க வந்த இடத்தில், எட்டு வீட்டுக் கேட்டிலும் பத்திரிகையைச் சொருகிவிட்டுப் போனோம். பாதி வீடுகள் பூட்டியிருந்தன. மீதி வீடுகளில் நாங்கள் கூப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இங்க இருக்கறவங்க எல்லாம் வேற வேற ஊர்லருந்து வந்தவங்க. இதெல்லாமா பாக்கப்போறாங்க?" என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன். நகர் என்று பெயர் வைத்துவிட்டால் அது ஊர் இல்லை என்று நினைத்துவிட்டோம்.

பால் காய்ச்சிய அன்று வேன் வைத்து வந்த சொந்தங்களால் தெரு நிறைந்தது. தெருக்காரர் ஒருவரும் வரவில்லை.

கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். மற்ற நாட்களில் நானும் வீடும்தான். தெருவில் யாரும் முகம் திருப்பவில்லை. பார்த்தால் சிரிப்பார்கள், "சாப்டீங்களா" என்பார்கள். ஆனால் எல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றபடிதான். உள்ளே வாங்க என்றால், "இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு" என்று நழுவிவிடுவார்கள். எதிர் வீட்டில் ஓர் அக்கா ஜன்னலோரம் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பார். அந்தச் சத்தத்தில்தான் என் பகல்கள் போயின. வெயிலில் ஆடுகள் அசையாமல் நிற்கும். மலை சாயங்காலம் வரை நீலமாக இருந்துவிட்டு அழிந்துபோகும். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுக்குள் நான் ஒருத்தி இருப்பது யாருக்காவது தெரியுமா என்றுதான் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. படுத்துக்கொண்டே மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மாமரங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நிற்பதுபோல் இருந்தது. அதில் பயமே இல்லை. ஒரு மரமாவது நெற்றியைத் தொட்டுப் பார்க்காதா என்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் காலை பால்கார அம்மா மட்டும் கதவைத் தட்டு தட்டென்று தட்டி, என் முகத்தைப் பார்த்த பிறகுதான் போனார்.

அந்தச் சனிக்கிழமை கணவரிடம் சொல்லிவிட்டேன். "பொங்கலுக்குள்ள இந்தத் தெருவுல ஒருத்தராச்சும் நம்ம வாசப்படி ஏறலைன்னா, வூட்ட வாடகைக்கு விட்டுட்டு டவுனுக்கே போயிடலாம். என்னால ஆவாது." அடம்பிடித்து வாங்கியவளே இப்படிச் சொன்னேன்.

அடுத்த வாரம் பால் ஊற்றும்போது, அன்றைக்கு ஏன் அப்படித் தட்டினீர்கள் என்று பால்கார அம்மாவைக் கேட்டேன். பக்கத்துக் கிராமத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"நானா எங்கங்க தட்டனேன்? எதுத்த வூட்டக்காதான் சொல்லுச்சு. லைட்டு எரியல, ஆளு வெளிய வரல, கொஞ்சம் பாத்துட்டுப் போன்னு."

"அவங்களே வந்து பாத்திருக்கலாமே?"

"எப்பிடிங்க வருவாங்க? நீங்க கூப்புடலியே."

"எத்தன தடவ வாங்கன்னு சொல்லியிருக்கேன்!"

"போவச்சொல்ல வர்றச்சொல்ல வாசல்ல நின்னு சொல்றது கூப்புடறதுங்களா? பத்திரிகைய கேட்டுல சொருவிட்டுப் போனீங்களாமே." பால்கார அம்மா பால் அளக்கும் குவளையைக் கேனுக்குள் போட்டார். "எங்கூர்லயா இருந்தா அத்தை, சித்தின்னு உரிமையில உள்ள பூந்துருவோம். இங்க யாரு யாருக்கு என்ன ஆவணும்? கூப்புட்டாத்தானே."

அவர் போன பிறகும் பால் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இவர்கள் முறை பார்க்க மாட்டார்கள் என்று நாங்களாக முடிவு கட்டியிருந்தோம். சொந்தமும் இல்லை, குலசாமியும் ஒன்றில்லை, அழைப்பு ஒன்றைத்தவிர இங்கே யாருக்கும் யார்மேலும் வேறு பிடி இல்லை. அதைத்தான் கேட்டுக் கம்பியில் சொருகிவிட்டுப் போயிருந்தோம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்துவிட்டால் நல்லதுக்கு அழைக்க முடியாது. கணவரை ஓசூர் பஸ் ஏறவிடாமல் நிறுத்தி வைத்தேன்.

"ஆறு மாசம் குடியிருந்த வூட்டுக்கு இப்பப் பால் காய்ச்சறதா? கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்" என்று சிரித்தார். ஆனால் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார்.

குங்குமம், கல்கண்டு, பூ. தெருவின் கோடியில் இருந்து தொடங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தோம், தண்ணீர் குடித்தோம். வாசல் மேல் சிலுவை வைத்த வீட்டில் கல்கண்டையும் பூவையும் மட்டும் கொடுத்தோம். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "என்னங்க விசேஷம்?" கணவர் என்னைப் பார்ப்பார். "ஒண்ணும் இல்லீங்க. அன்னைக்கு அழைக்கத் தெரியாம அழைச்சிட்டோம். இன்னைக்கு மறுபடியும் பால் காய்ச்சறோம்" என்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கோடி வீட்டுக்காரர் மட்டும், "சக்கரை தூக்கலாப் போடச் சொல்லுங்க" என்றார்.

எதிர் வீட்டுக்குக் கடைசியில் போனோம். அக்கா மிஷினை நிறுத்தி, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குங்குமம் எடுத்தார். "எப்பங்க?" என்றார்.

"இப்பவேக்கா."

கதவைச் சாத்தக்கூட இல்லை, எங்களோடு அப்படியே கிளம்பி வந்தார். மழை விட்ட சாயங்காலம், தெருவெல்லாம் மஞ்சள் வெளிச்சம். ரோட்டைத் தாண்டியவர் எங்கள் கேட்டருகே வந்ததும் நின்றுவிட்டார்.

"இங்கதாங்க வந்து வந்து நின்னேன், ஒங்களுக்கு மேலுக்கு முடியாதப்ப. மூணு நாளும் கஞ்சி காச்சி எடுத்தாந்தேன். இதுக்கு மேல காலு வரல."

"கஞ்சிய என்னக்கா பண்ணீங்க?"

"என்ன பண்றதுங்க. ஆறிப்போச்சு. வூட்டுக்குப் போயி நானே குடிச்சிட்டன்."

தட்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து, "உள்ள வாங்கக்கா" என்றேன்.